“அவ என்ன செஞ்சா?” – பெண்கள் மீதான வன்முறையின் வேரும் பெண்ணியமும்

நான் வளர்ந்தது திருநெல்வேலியில் ஒரு வளவு வீட்டில். ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், எல்லாருக்கும் ஒரே குழாயடி. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். வாரத்தில் ஒரு நாளாவது ராத்திரி அவளுக்கு அடி விழும். முதலில் பாத்திரம் உருளும். பிறகு சுவரில் என்னவோ மோதும். அப்புறம் ஒன்றுமே கேட்காது. எங்கள் வீட்டில் யாராவது எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

காலையில் அவள் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு குடத்துடன் வருவாள். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனதும் பேச்சு தொடங்கும். எப்போதும் ஒரே கேள்விதான்: “ராத்திரி அவ என்ன செஞ்சாளாம்?”

“தங்கச்சி வீட்டுக்குச் சொல்லாமப் போயிட்டாளாம்.” “சோறு ஆறிப்போச்சாம்.” “மாமியாளை எதுத்துப் பேசிட்டாளாம்.” காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், குடங்கள் நகர ஆரம்பித்துவிடும். அவன் எப்படி அடிக்கலாம் என்று ஒருத்தர் கேட்டு நான் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அந்த வயதில் தோன்றவில்லை.

பெண்ணியம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் குழாயடியைத்தான் சொல்வேன். “அவ என்ன செஞ்சா” என்ற கேள்வியை “அவன் எப்படி அடிக்கலாம், அவனை அடிக்க விட்டது யார்” என்று திருப்பிப் போடுவது பெண்ணியம். மற்றதெல்லாம் இந்தத் திருப்பத்திலிருந்து கிளைப்பவை.

இது எங்கள் வளவின் கதை மட்டும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு என்று மத்திய அரசு நாடு முழுக்க வீடு வீடாகப் போய் நடத்தும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது ஆய்வில் ஏழு காரணங்களைச் சொல்லி, இதற்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளையையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்து வாதாடுவது, உறவுக்கு மறுப்பது, சமையல் சரியில்லாமல் போவது, நடத்தையில் சந்தேகம் வருவது, மாமனார் மாமியாருக்கு மரியாதை தராதது. குழாயடியில் நான் கேட்ட பட்டியல்தான். இந்த ஏழில் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று சொன்ன ஆண்கள் 100-க்கு 44 பேர். பெண்கள் 45 பேர்.

அடி வாங்கக்கூடியவர்களே அடி சரி என்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கே சம்மதம்தானே, நீங்கள் ஏன் குதிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. கையை ஓங்குவதற்குக் கோபம் போதும். ஓங்கிய கை தடையில்லாமல் இறங்குவதற்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வீடும் தெருவும் சேர்ந்து தருகின்றன. வாங்குகிறவளுக்கும் சின்ன வயதிலிருந்தே அதை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். வன்முறைக்குப் ‘பண்பாட்டு வேர்’ இருக்கிறது என்று சொல்வது இந்த அனுமதியைத்தான். பண்பாடு என்றதும் கோயிலும் கோலமும் நினைவுக்கு வரும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் விதிகளும் பண்பாடுதான். யார் கடைசியில் சாப்பிட வேண்டும், யார் குரல் உயரக் கூடாது, யார் எங்கே போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பவை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டவை அல்ல.

படிப்பும் வேலையும் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். அதே ஆய்வின் தமிழ்நாட்டுக் கணக்கு அந்த நம்பிக்கையை உடைத்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் படிப்பிலும் நாம் முன்வரிசை. அப்படியிருந்தும், திருமணமான பெண்களில் கணவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் இங்கே 38.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 29.3.

சரி, குடிதான் காரணம் என்பார்கள். அந்த அக்காவின் கணவரும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், குடிப்பவர்தான். குடி வன்முறையைக் கூட்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அடிக்கடி போதையில் இருக்கும் கணவன்மாரின் மனைவிகளில் 70 விழுக்காட்டினர் வன்முறையைச் சந்தித்ததாக அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் குடிப்பழக்கமே இல்லாதவர்களின் மனைவிகளிலும் 23 விழுக்காடு. நாலில் ஒரு பங்குக்குப் பக்கம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் அண்ணன் எவ்வளவு குடித்திருந்தாலும் தெருமுனையில் போலீஸ்காரரைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டு வணக்கம் வைப்பார். வட்டிக்குக் கொடுத்தவர் எதிரே வந்தால் குனிந்து போவார். வளவுக்குள் வந்து வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கை நீளும். யாரை அடித்தால் ஒன்றும் ஆகாது என்பது எத்தனை போதையிலும் அவருக்கு மறக்கவில்லை.

அந்த அனுமதி நம்மிடம் எந்த வடிவில் வந்து சேர்கிறது? பெரும்பாலும் பழமொழியாக. ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்.’ ‘அடிக்கிற கைதான் அணைக்கும்.’ ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு.’ ‘முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலை மேல முள்ளு விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்.’ கடைசியாகச் சொன்னதை என் ஆச்சி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், உண்மையான அக்கறையோடு. அந்தச் சொலவடை முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு முப்பது வயதில்தான் உறைத்தது. முள் இருந்துகொண்டே இருக்குமாம். சேலைதான் ஒதுங்கிப் போக வேண்டுமாம்.

பழமொழிதானே, யார் அதைப் பெரிதாக எடுக்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. ‘ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா’ என்று ஒன்று உண்டு. பாலியல் வன்முறை பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். 1972-இல் மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானாள். செய்தவர்கள் காவலர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் காவலர்கள் விடுதலையானார்கள். அவள் உடலில் காயம் இல்லை, அவள் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை, ஆகவே நடந்தது வன்புணர்ச்சி இல்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். காவல் நிலையத்தில், ராத்திரியில், காக்கிச் சட்டைக்கு முன்னால் ஒரு ஏழைச் சிறுமி எப்படிப் போராடியிருக்க முடியும் என்று தீர்ப்பு யோசிக்கவில்லை. ஊசியும் நூலும் பற்றிய அதே நினைப்புதான், சட்டத்தின் மொழியில். உபேந்திர பக்‌ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதம் வேறு என்று அதில் எடுத்துச் சொன்னார்கள். பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்ச்சி வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்றானது. நம் நாட்டில் பெண்ணிய இயக்கம் செய்த வேலைக்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது மூன்றாவது வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அக்கா ஏன் போகவில்லை? ஒருமுறை போனாள். பாளையங்கோட்டையில் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு. பத்து நாள் கழித்து அண்ணனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். “பொறுத்துக்கோ தாயி, நமக்குன்னு ஒரு மானம் மரியாதை இருக்குல்ல” என்று வாசலில் நின்று சொன்னது முற்றம் முழுக்கக் கேட்டது. கணவனைப் பிரிந்து வந்தவளுக்குத் தமிழில் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: வாழாவெட்டி. அடித்து விரட்டியவனுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அக்காவுக்கு உரிமையாக ஒரு மூலை இல்லை. கல்யாணத்தில் நகையும் கட்டிலும் பீரோவும் சீராகப் போட்டாயிற்று. அதோடு அவள் கணக்கு முடிந்தது என்பது ஊர் வழக்கம். சட்டப்படிப் பங்கு இருந்தாலும் என்ன நடக்கிறது என்பதை ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அக்கா தங்கைகள் நல்ல சேலை கட்டி வந்து வரிசையில் நிற்பார்கள். அப்பா சொத்தில் தங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பார்கள். கைரேகை வைத்து முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு, ஆளுக்கொரு புடவை. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். கையெழுத்துப் போட மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில்தான் பலரும் போடுகிறார்கள்.

சொத்துக்கும் அடிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால், பிரதீப் பாண்டாவுடன் சேர்ந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார். தன் பேரில் நிலமும் இல்லாமல் வீடும் இல்லாமல் இருந்த பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் தன் பேரில் இருந்தவர்களில் 7 விழுக்காடு. எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது அந்த ஆட்டோதான் நினைவுக்கு வந்தது. போக ஓர் இடம் இருப்பவளை அடிக்கக் கை தயங்குகிறது.

1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் கற்பையும் சொத்தையும் ஒரே மூச்சில் பேசியதற்குக் காரணம் இருந்தது: ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒழுக்கத்தை விதித்து, அதே பக்கத்தின் கையில் காசும் நிலமும் இல்லாமல் வைத்தால் அதற்குப் பெயர் அடிமைத்தனம் என்று அவர் கண்டார். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டு. அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. நாடு முழுக்க இந்துக் குடும்பங்களின் மகள்களுக்குச் சம பங்கு வந்தது 2005-இல்.

அண்ணன் சொன்ன ‘மானம் மரியாதை’ இன்னும் ஆழமான வேர். நம் சமூகத்தில் குடும்பத்தின் மானத்தையும் சாதியின் மானத்தையும் பெண்ணின் உடம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். 1916-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது நின்றால் சாதி நிற்காது. அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் வந்தன என்பது அவர் வாதம். பெண் யாரை விரும்புகிறாள் என்பது இங்கே அவளுடைய விஷயம் மட்டுமாக இருந்ததில்லை. அதனால்தான் சாதி மாறிக் காதலித்த மகளைப் பெற்றவர்களே கொல்ல முடிகிறது. கொன்றவர்களுக்காக ஊரில் பரிந்து பேச ஆள் கிடைக்கிறது. இதே சாதிக் கணக்கில் தலித் பெண்ணின் மானம் ஒரு பொருட்டாகவே எண்ணப்படுவதில்லை. வயலிலும் செங்கல் சூளையிலும் அவள் மீது கைவைப்பவனுக்கு ஊர் தரும் அனுமதி, வீட்டுக்குள் தரும் அனுமதியைவிடப் பெரியது. ஒரே வேர் எல்லாப் பெண்களையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. பெண்ணியம் பேசுகிற நாம் இதை மறந்துவிட்டுப் பேசினால் பாதியைத்தான் பேசுகிறோம்.

“நம் பண்பாடு பெண்ணைத் தெய்வமாக வணங்குகிறதே” என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் வணங்குகிறவள்தான். எங்கள் பக்கத்துக் குலதெய்வங்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்களில் பலரின் கதையைக் கொடை என்னும் கோயில் திருவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடும்போது உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். வேறு சாதிக்காரனைப் பார்த்தாள் என்று சந்தேகப்பட்டுக் கொல்லப்பட்ட கன்னிப்பெண். மானம் போய்விடும் என்று சொந்தக்காரர்களே குழி தோண்டி இறக்கிய பெண். பிறகு ஊரில் மழை பொய்க்கிறது, பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள், குறி கேட்கிறார்கள். அவள்தான் என்று தெரிகிறது. பீடம் எழுப்புகிறார்கள். பச்சைச் சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், பூ. விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தின் தாளம் தாழ்ந்து, அவள் குழிக்குள் இருந்து அண்ணன்மாரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் வரும்போது முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். என் அம்மாவும் அழுவாள். கொன்றவர்களின் வழிவந்தவர்களும், குற்றவுணர்ச்சியும் பயமுமாக, அதே கூட்டத்தில் கைகூப்பி நிற்பார்கள். செத்த பிறகு அவளுக்குக் கொடுத்த சேலையை உயிரோடு இருந்தபோது யாரும் கொடுக்கவில்லை. ஊருக்கு அது தவறென்று தெரிந்தே இருக்கிறது என்பதற்கு அந்தப் பீடங்களே சாட்சி. அதனால்தான் நம் பண்பாட்டை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த அழுகையும் அதற்குள்தான் இருக்கிறது.

மாமியார்தானே மருமகளைக் கொடுமைப்படுத்துகிறாள், பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற பேச்சுக்கு வருவோம். ஆணாதிக்கம் என்ற சொல்லை ஆண்கள் என்று புரிந்துகொள்வதால் வரும் குழப்பம் இது. அது ஓர் ஏற்பாடு. அதில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே அதிகாரம் மகன் வழியாக வருகிறது, அதுவும் ஐம்பது வயதில். அதைப் பங்குபோட இன்னொருத்தி வரும்போது அவள் அந்த ஏற்பாட்டின் காவல்காரியாகிறாள். ஆண்பிள்ளைகளையும் அதே ஏற்பாடு சிதைக்கிறது. “பொட்டப்புள்ள மாதிரி அழாதே” என்று ஐந்து வயதிலேயே அழுகையைப் பிடுங்கிக்கொண்டு, கோபத்தை மட்டும் விட்டுவைக்கிறோம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தேவைப்படுகிறவர் யாராவது இதைப் படிக்கலாம். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வசைச்சொல், பாலியல் கட்டாயம், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாமே அதில் வரும். மனைவி மட்டுமின்றித் தாய், சகோதரி, திருமணமின்றிச் சேர்ந்து வாழ்பவள் ஆகியோரும் மனுக் கொடுக்கலாம். வீடு கணவன் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின்படி குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்று அறியப்பட்டது. 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக நாட்டில் பதிவான 4,45,256 வழக்குகளில் 31.4 விழுக்காடு இந்த வகைதான். ராத்திரி வெளியே போகாதே, வீடுதான் பாதுகாப்பு என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருதரம் பார்க்க வேண்டும். அதே நேரத்தில், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வன்புணர்ந்தால் அது வன்புணர்ச்சிக் குற்றம் ஆகாது என்ற விதிவிலக்கு புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. குழாயடியின் அனுமதி அங்கே இன்னும் அச்சில் உட்கார்ந்திருக்கிறது.

பதிவானவை அத்தனை என்றால் பதிவாகாதவை? வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடுதான் என்கிறது குடும்பநல ஆய்வு. 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. பெற்ற தாயிடம்கூட. அதனால் உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால், அது அவள் பல வருடம் யோசித்து எடுத்த முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். “நீ என்ன சொன்னே” என்று ஆரம்பிக்காதீர்கள். “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ” என்று முடிக்காதீர்கள். காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா, ராத்திரி தங்க இடம் இருக்கிறதா, ஆதாரும் பேங்க் புத்தகமும் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால்? 2008-இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு ‘பெல் பஜாவோ’ என்று ஓர் இயக்கம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடி விழுகிறதா, போய் மணியை அடியுங்கள், பால் இருக்கிறதா என்று கேளுங்கள், அவ்வளவுதான். அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அதற்குப் பல வருடம் முன்பு, நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு கொடை முடிந்த வாரத்தில், எங்கள் வளவில் இது நடந்திருந்தது.

அன்றைக்கும் பாத்திரம் உருண்டது. அப்பா டிவி பக்கம் கையைக் கொண்டுபோனார். அம்மா அடுக்களையிலிருந்து எழுந்து, ஒரு சின்னத் தம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். மணி பத்தரை இருக்கும். மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்காவின் கணவர், அந்த அண்ணன்தான் நின்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

“உறை மோர் இருக்கா?” என்றாள் அம்மா. “பால் காச்சி வச்சிட்டேன், உறை குத்த மோர் இல்ல. அவளைக் கூப்பிடு, அவ கையால வாங்கிக்கிடுதேன்.”

அக்கா வந்தாள். மோரை ஊற்றும்போது தம்ளர் நடுங்கியது. அம்மா வாங்கிக்கொண்டு உடனே திரும்பவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரி பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஆச்சி விளக்கைப் போட்டுவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அடுத்த முறை சத்தம் கேட்டபோது அம்மா எழுவதற்குள் ஆச்சி தீப்பெட்டி கேட்டுப் போய்விட்டாள்.